சங்கு ஊதிய பின்



உழைப்பின் பெருமையை உங்களுக்குப் பலரும் எடுத்துச் சொல்லியிருப்பார்கள். அதை மறுக்க நான் வரவில்லை. உழைப்பு எந்த இடத்தில் நிற்க வேண்டும், வீடு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்னும் கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்கிறேன். விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம்முடைய பாலாற்றங்கரை ஊர்களே போதும்.

வேலூரிலிருந்து மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும், கிழக்கே இராணிப்பேட்டை வரையிலும் தோல் தொழிலே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. முற்காலத்தில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, அரைப் பதத்திலேயே கப்பலேற்றினார்கள். 1970-களில் அரைப் பதத் தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் முழுப் பதத் தோலும் காலணிகளும் இங்கேயே பெருகின. ஷூ கம்பெனிகள் எழுந்தன. அவற்றின் வாயிலாகப் பெண்கள் பல்லாயிரவர் இத்தொழிலுக்கு வந்தார்கள்.

அவ்வாறு வந்தவர்களுக்குச் சட்டம் ஒரு வேலியை முன்னமே அமைத்திருந்தது. அவ்வேலி ஒரே நாளில் எழுந்ததன்று. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது. 1934ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு அதனை 54 ஆக்கியது. 1946ஆம் ஆண்டுத் திருத்தம் 48 ஆகக் குறைத்தது; 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதையே நிலைநிறுத்தியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது உழைத்தலாகாது. இடையே அரைமணியேனும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டும் என்றும் அது விதித்தது. ஆக, 24 ஆண்டுகளில் வாரத்துக்கு 12 மணி நேரம் தொழிலாளியின் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இதனை யாரும் இரக்கப்பட்டு அளித்துவிடவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதில் முன்னின்று உழைத்தார்கள். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் நிகழ்ந்த முதல் மே தினம் அதுவே. சரியாக நூறு ஆண்டு கழித்து அக்கேள்வி மீண்டும் எழுந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்தம் ஒன்று 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்ந்திருக்கலாமே என்பது அத்திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். கணக்குச் சரிதான். ஆனால் குழந்தைக்குப் பசி வாரத்துக்கு மூன்று நாள் வருவதில்லை, நாள்தோறும் வருகிறது. ஓய்வும் அத்தகையதே. நெல்லைப்போல் அதைக் குதிரில் சேர்த்துவைக்க இயலாது. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இனி, வேலியே இல்லாத இடத்துக்கு வருவோம். சில வகை ஷூக்களின் மேல்தோலைக் கையாலேயே தைக்க வேண்டும். அத்தோல் துண்டுகள் முகவர் மூலம் ஆம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு வருகின்றன. பெண்கள் வாசலில் அமர்ந்து ஊசியால் தைக்கிறார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. அவ்வாறு தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம், “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தைப்பீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “மணிக்கணக்கு ஏதுங்க ஐயா? ஜோடிக்கணக்குத்தான்” என்றார். உலை கொதிக்கும்போது ஊசியை வைக்கிறார். சோறு வடித்ததும் எடுக்கிறார். வேலை எப்போது முடிந்தது என்று அவருக்குச் சொல்ல ஒரு சங்கு இல்லை. 

கம்பெனிக்குச் செல்லும் பெண்ணுக்குச் சங்கு உண்டு. ஆயினும் அது ஊதிய பின் அவருக்கு ஓய்வு உண்டா? வீட்டில் அடுப்பும் பாத்திரமும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கின்றன. 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஆலையின் வாயிலுக்கு வெளியே சட்டத்தின் கை எட்டுவதில்லை. அங்கே நீதி செய்ய வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே.

மாணவர்களே, இது தோல் தொழிலாளரின் கதை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நாளை உங்களில் சிலர் கணினியின் முன் அமர்ந்து வீட்டிலிருந்தே பணி செய்வீர்கள். இரவு பத்து மணிக்கும் கைப்பேசியில் கட்டளை வரும். கூலியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம். நிலை அந்த அம்மையாரின் நிலையேதான். மணிக்கணக்கு மறைந்து முடித்த வேலையின் கணக்கு வந்துவிட்டால், எவ்வளவு முடித்தாலும் இன்னும் கொஞ்சம் எஞ்சியிருக்கும். மனவுறுதி ஒன்றையே நம்பி இதை வெல்ல முடியாது. ஆலைத் தொழிலாளிகூடத் தனியாய் நின்று 48 மணியைப் பெறவில்லை; பலரோடு கூடிக் கேட்டுப் பெற்றார்.

கூடிக் கேட்கும் காலம் உங்களுக்குப் பிறகு வரும். வீட்டின் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் காலம் இன்றே இருக்கிறது. மாலையில் தாய் வேலை முடித்து வரும்போது தண்ணீர் பிடித்து வைத்திருங்கள். பாத்திரத்தைத் துலக்கி வையுங்கள். மகள் மட்டும் அன்று, மகனும் செய்ய வேண்டிய வேலை அது. அதனால் அந்தத் தாய்க்கு அரைமணி நேரம் கிடைக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆலையில் அவருக்கென்று ஒதுக்கிய அதே அரைமணி நேரம்.