கொட்டகையை நீட்டுவதா, இடித்துக் கட்டுவதா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பது முதுமொழி. கட்டியதைத் திருத்திப்பார் என்றும் முன்னோர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். புதிதாகக் கட்டுபவனுக்கு எதிரே வெறும் நிலம் கிடக்கின்றது. திருத்த முற்படுபவனுக்கோ பழைய சுவரும், அதை எழுப்பியவரின் நினைவும், அதைச் சுற்றி வளர்ந்த பழக்கமும் எதிரே நிற்கின்றன. வளவின் ஓரத்திலே நிற்கும் கார்க் கொட்டகை சிறு பொருள்தான். ஆயினும் அதை நீட்டுவதா, இடித்துக் கட்டுவதா என்ற வினா எழுந்துவிட்டால், குடும்பத்தின் பணமும் உறவும் கிணற்று நீரும்கூட அதனுள்ளே வந்துவிடுகின்றன.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியிலே உள்ள இணுவில், ஊர்திக்கு இருப்பிடம் அமைப்பதைப் புதிதாகக் கற்கவேண்டிய ஊர் அன்று. கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் தைப்பூசத்தன்று வீதியுலா வருவதைக் குடாநாட்டார் நன்கு அறிவர். அத்தகைய பேரூர்திக்கு நிழல் அமைப்போர் முதலில் ஊர்தியை அளப்பர். பின்னரே தூணுக்கு இடம் குறிப்பர். கொட்டகைக்கு அடங்குமாறு மஞ்சத்தைக் குறைக்க எவரும் நினையார். கோயிலிலே இயல்பாகத் தோன்றும் இவ்வுண்மை வீட்டு வளவிலே மறந்துபோகின்றது.

இணுவிலிலும் அயலூர்களிலும் உள்ள பழைய கார்க் கொட்டகைகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், அக்காலத்து ஒஸ்ரின் கார்களும் உத்தியோகத்தர் வீடுகளுக்கு வந்தபோது அவற்றுக்கு நிழல் வேண்டியிருந்தது. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், வயிரம் பாய்ந்த பனைமரம், ஓடு ஆகியவற்றோடு, 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்தும் அவ்வேலைக்குக் கைகொடுத்தது. 1990 இன் பின்னர் எரிபொருள் தட்டுப்பட்ட ஆண்டுகளிலே அக் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கொட்டகைகள் காவலின்றி நின்றன. மீண்டுவந்தவர்கள் பலர் கூரையற்ற சுவரையே கண்டனர். ஓடும் வளையும் போன இடந் தெரியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வாராதிருந்தமையால், இருந்த வாகனத்தைப் பேணும் அக்கறை மேலும் மிகுந்தது.

இத்தகைய வளவு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள கொட்டகை வீட்டு மூத்தவரின் தந்தையார் கட்டியது. உள்ளகலம் ஒன்பதடி, நீளம் பதினாறடி, சுவரின் உயரம் எட்டடி, வாசல் நிலையின் உயரம் ஆறரை அடி. பன்னிரண்டேகால் அடி நீளமும் ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடைய மொறிஸ் மைனருக்கு அது அரண்மனை. இடப்பெயர்வின் பின்னர் ஓட்டுக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் தகடு ஏறியது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. மருமகன் வாடகைக்கு ஓடும் ஹைஏஸ் வான் ஒன்றை வாங்கியிருக்கின்றார். அதன் நீளம் ஏறக்குறையப் பதினைந்தரை அடி. உயரமே ஆறரை அடி. குடும்பத்தின் சீவியம் அந்த வானிலே தங்கியிருக்கின்றது. வானோ வெயிலிலும் மாரி மழையிலும் முற்றத்திலே நிற்கின்றது.

கனடாவிலிருக்கும் மகன், பழையதை இடித்துக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டு, மேலே ஓர் அறையும் கட்டுமாறு சொல்லிப் பணம் அனுப்ப முன்வருகின்றார். மூத்தவரோ, “அப்பு கட்டின சுவரிலை கைவைக்க வேண்டாம், பக்கத்திலை ஒரு பத்தி இறக்கினாற் போதும்” என்கின்றார். மாமனாரை மறுத்துப் பேசவும் மைத்துனரின் பணத்தை வேண்டாமென்று சொல்லவும் மருமகனுக்கு வாய் எழவில்லை. இரு யோசனைகளும் அன்பினால் எழுந்தவையே. ஆயினும் அடிக்கோலை எடுத்து எவரும் அளந்து பார்க்கவில்லை.

அளக்கும் வேலையை அனுபவமுள்ள மேசன் ஒருவரிடம் விடுவதே முறை. அவர் முதலில் பார்ப்பது அத்திவாரம். சுவரின் ஒரு மூலையிலே சிறு குழி தோண்டினால் அதன் நிலை வெளிப்படும். இணுவிலின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கற் பாறை கிடக்கின்றது. ஓரிடத்திலே பாறை விரைவில் தட்டுப்படும். சற்று அப்பால் மண்ணே ஆழமாக இறங்கும். பழைய சுவர் பாறையிலும் புதிய சுவர் மண்ணிலும் நின்றால், புதியது தாழ, இரண்டும் சேருமிடத்தில் வெடிப்பு விழும். அடுத்து அவர் நோக்குவது சுவர்: மேலிருந்து கீழ்வரை ஓடும் வெடிப்பு உண்டா, சாந்து விரலுக்கு உதிர்கின்றதா என்பன. மூன்றாவது கூரை மரம். பனையின் புறவயிரத்தைக் கறையான் எளிதில் தின்னாது. ஆயினும் சுவருக்குள் புதைந்த நுனியிலே ஈரம் பட்டால் உள்ளே உளுத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டினால் ஓசையே உண்மையைச் சொல்லிவிடும்.

இம்மூன்றும் நன்றாயிருந்தால் நீட்டலாம் என்று உடனே முடிவுசெய்தல் ஆகாது. எத்திசையில் இடம் போதவில்லை என்பதையும் கேட்டல் வேண்டும். நீளம் மட்டும் போதாதாயின் பின்சுவரை எடுத்து நீட்டுவது எளிது. கூரையின் பாரம் பெரும்பாலும் பக்கச் சுவர்களிலேயே தங்கியிருக்கும். அகலம் போதாதாயின் அப்பாரத்தைத் தாங்கும் சுவரையே அகற்ற நேரும். உயரமும் போதாதாயின் கூரை முழுவதையும் கழற்றவேண்டும். அகலமும் உயரமும் ஒருங்கே குறைந்தவிடத்து, நீட்டுதல் என்ற பெயரிலே நிகழ்வது இடித்துக் கட்டுதலேயாகும். செலவு மட்டும் இருமடங்காகும்.

மூத்தவரின் பத்தியையும் இவ்வாறே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுக் கூரை ஒழுகாதிருக்கப் பத்தடிக்கு ஏறக்குறைய ஐந்தடி சரிவு வேண்டும். எட்டடிச் சுவரிலிருந்து பத்தடி தூரம் பத்தி இறக்கினால் அதன் வெளியோரம் மூன்றடி உயரத்திலே நிற்கும். அங்கே ஆடு கட்டலாம், வான் விட முடியாது. தகடு போட்டுச் சரிவை ஒன்றேகால் அடியாகக் குறைத்தாலும் வெளியோரம் ஆறேமுக்கால் அடியே வரும். கைமரத்தின் தடிப்பைக் கழித்தால் வானின் முதுகு உரசும்.

மகனின் மாடிக்கும் கணக்கு உண்டு. ஒற்றைக் கூரைக்கென இட்ட அத்திவாரம் கொங்கிறீற்றுத் தட்டையும் அறையையும் தாங்குமென்று நம்பமுடியாது. தூணும் அத்திவாரமும் புதிதாக வேண்டும். 2022 இல் ஐம்பது கிலோ சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவையும் தாண்டியதைக் கண்டவர்கள், மிகையான கட்டடத்தை எளிதாகத் தொடங்கமாட்டார்கள். அதனினும் பெரிய கேள்வியைத் தாயார் கேட்கின்றார்: “மேலை ஆர் இருக்கிறது?” மகன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சில வாரம் தங்குபவர். அவர் போனபின் அவ்வறை பூட்டிக் கிடக்கும். அவர் வரும்போது பழைய விறாந்தையிலேதான் எல்லாரும் கூடியிருந்து பேசுவார்கள்.

இறுதி முடிவைக் கிணறும் வேண்டுகின்றது. கொட்டகையின் ஒருபுறம் அயலவரின் மதில். மறுபுறம் இருபதடிக்குள்ளே கிணறு. எனவே அகலம் கூட்டினால் கிணற்றை நோக்கியே கூட்டவேண்டும். வாடகை வானுக்கு வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவது வழக்கம். சுண்ணாம்புக்கற் பாறை வெடிப்பும் துளையும் உடையது. நிலத்திலே சிந்துவது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்துள்ளதென்று 2014 அளவில் எழுந்த கவலையை இணுவில் மக்கள் மறந்திலர். குடிநீருக்கு அருகே வாகனத்தைக் கொண்டுசெல்லும் எந்த நீட்சியும் மலிவானதன்று.

ஆகவே இவ்வளவிலே தக்க முடிவு புதிதாகக் கட்டுவதே. ஆனால் பழைய இடத்திலன்று, கிணற்றுக்கு எதிர்ப்புறமாகப் படலையை அண்டி. இரண்டு வாகனமும் நிற்க இருபதடிச் சதுரம், பத்தடிச் சுவர், மேலே ஓடு, மாடி வேண்டியதில்லை. சிந்திய எண்ணெய் மண்ணுக்குள் இறங்காதவாறு சீமெந்துத் தரையும், அதை வழித்தெடுக்கச் சிறு குழியும் அமைதல் வேண்டும். பழைய கூரையின் அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைத்து வீழ்த்துதல் கேடு. அதன் தூசி நெஞ்சுக்கு நஞ்சு. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத்தகடாக இறக்கவேண்டும். துண்டுகளை நிலம் நிரப்பவும் பயன்படுத்தலாகாது.

நீட்டினாலும் இடித்துக் கட்டினாலும் பிரதேச சபையின் அனுமதி முன்னரே பெறப்படவேண்டும். இணுவிலுக்கு அது வலிகாமம் தெற்குப் பிரதேச சபை. வரைபடமும் உறுதியும் கொடுத்து, வீதியிலிருந்து விடவேண்டிய இடைவெளியையும் கேட்டறிதல் நன்று. இன்னொன்று: நிலம் மகளுடையது. தந்தை தந்த சீதனத்திலே தம்பியின் பணத்தால் எழும் கட்டடம் எவருக்குரியது என்பதை அத்திவாரம் வெட்டுமுன் மனம்விட்டுப் பேசிக்கொள்ளவேண்டும். பேசத் தவறியதைப் பின்னர் நீதிமன்றம் பேச நேர்ந்த குடும்பங்கள் குடாநாட்டிலே பல.

இடித்தால் தந்தையின் நினைவு அழியுமே என்ற மூத்தவரின் துயரத்தையும் இகழ்தல் ஆகாது. ஆனால் கோயிலைப் புதுக்கும்போது பாலத்தாபனம் செய்து மூர்த்தியை வேறிடத்திலே இருத்தி, வேலை முடிந்தபின் மீண்டும் எழுந்தருளச் செய்வதை அவர் பலமுறை கண்டவர். யப்பானிலே ஈசே என்னும் ஊரிலுள்ள ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள நிலத்திலே புதிதாகக் கட்டுவர். 2013 இலும் அவ்வாறே கட்டினர். அங்கே மரம் மாறுகின்றது, முறை மாறுவதில்லை.

மேசன் பழைய சுவரின் கற்களைப் பிரித்து அடுக்கிவைக்கின்றார். அவை இன்றும் உறுதியானவை. புதிய அத்திவாரத்துக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கும் போதுமானவை. தட்டிப் பார்த்ததில் நல்லோசை தந்த பனை வளைகள் நான்கும் கூரைக்குத் திரும்பவும் ஏறும். முதற்கல்லை வைக்குமாறு மருமகன் மாமனாரை அழைக்கின்றார். புதிய கொட்டகைக்குள் எது முதலில் போவது என்ற கேள்விக்கு அங்கே விவாதமில்லை. மொறிஸ் மைனர் உட்சுவரோரம் போகும். காலையிலே முதலில் வெளியேறும் வான் வாசலுக்கு நேரே நிற்கும்.

பழையதைக் காப்பதும் புதியதைக் கட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எதைக் காக்கவேண்டும் என்று முதலில் தெளிந்தவர்களுக்கு, எதை இடிக்கலாம் என்பது பின்னர் தானே விளங்கும். அத்தெளிவைப் பெறுவதற்கு ஓர் அடிக்கோலும், ஒரு மண்வெட்டியும், ஒருநாட் பொறுமையும் போதும்.