பள்ளி வாசலை மறிக்காதீர்கள்: மழைக்காலத் தயார்நிலை அங்கேதான் தொடங்குகிறது

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, சென்னையில் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துடறேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்கள் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சிலர் கிண்டல் செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

ஆனா ஒரு கேள்வி. காரை எங்கே நிறுத்தணும்னு நம்மகிட்ட திட்டம் இருக்கு. மழை வலுத்து, பள்ளியை மதியமே விட்டுட்டா, பிள்ளையை யார் கூட்டிட்டு வரணும்னு திட்டம் இருக்கா? இருக்கிறவங்க கை தூக்குங்க.

ரொம்பக் குறைவாத்தான் இருக்கு. பரவாயில்லை, அதைப் பேசத்தான் வந்தேன்.

நூறு அடிக்கு முன்னால் நின்ற ஆம்புலன்ஸ்

நான் குடியிருக்கும் தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி. 108-க்கு அழைத்தோம், வண்டியும் சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுக்கு நூறு அடி முன்னால் நின்றுபோனது. வாசலை ஒட்டி இரண்டு வரிசை பைக், நடுவில் ஆட்டோக்கள், ஒரு கார். கார் கதவு பூட்டியிருக்கிறது, ஓட்டி வந்தவரைக் காணோம். "ரெண்டு நிமிஷம்தான், பையனைக் கூப்பிட உள்ள போயிருக்காரு" என்றார்கள்.

கடைசியில் ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டு போனோம். தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அன்று தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றிருந்தால்? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

வெள்ளம் வந்தால் பல இடங்களில் மாநகராட்சிப் பள்ளிகள்தான் நிவாரண முகாம். படகும், சாப்பாட்டு வண்டியும், மருத்துவக் குழுவும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தினமும் காலை எட்டரை மணிக்கு அடைத்துக்கொள்ளும் வழி, ஆபத்து நாளில் மட்டும் தானாகத் திறக்காது. தினமும் பழகினதுதான் அன்னைக்கும் கைகொடுக்கும்.

பள்ளிப் பகுதியில் என்ன விதி?

முதலில் வேகம். பள்ளி அருகே பலகையில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதற்குள் போக வேண்டும். ஏன் தெரியுமா? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி யோசிப்பதற்குள்ளேயே வண்டி சுமார் 14 மீட்டர் போய்விடும். ஈரச் சாலை என்றால் நிற்க இன்னும் தூரம் ஆகும். நின்ற வேனுக்கு முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வர அவ்வளவு தூரம் தேவையில்லை.

அடுத்து, நிறுத்துமிடம். பள்ளி நுழைவாயில், பேருந்து நிறுத்தம், வரிக்குதிரைக் கோடு இந்த மூன்றுக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. கோட்டில் நடப்பவர்களுக்கே முதல் உரிமை. ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வாருங்கள்.

ஹாரன் பற்றியும் சொல்லணும். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முன்னால் போகும் குழந்தை பதறித் திரும்பும். அதுவே ஆபத்து.

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு பைக்கில் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும். அப்போது வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

பிளஸ் டூ படிக்கும் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கேளுங்க. லைசென்ஸ் வாங்கும் வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பள்ளி வாசலில் ஒரு விபத்து நடந்துவிட்டால், "நமக்கு ஏன் வம்பு" என்று ஒதுங்காதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

மழை நாளுக்கு நான்கு வேலை

ஒன்று, பிள்ளையை அழைத்து வர இரண்டு பேரை முடிவு செய்யுங்கள். ஒருவர் வர முடியாவிட்டால் இன்னொருவர். இருவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். "அம்மா வராட்டி சித்தி வருவாங்க, வேற யார் கூப்பிட்டாலும் போகாதே" என்று பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டு, அம்மா அப்பா எண்களைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். நம்மில் பலருக்கே வீட்டுக்காரர் நம்பர் தெரியாது, போன்ல பேர் பார்த்துத்தான் கூப்பிடுறோம். சார்ஜ் போய்விட்டால் என்ன செய்வது? புத்தகப் பையில் ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள்.

மூன்று, வழியை மழைக்கு முன்பே நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே கால்வாய் திறந்திருக்கிறது, எங்கே மின்பெட்டி தாழ்வாக இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவர்களையும் தடுமாற வைக்கும். தண்ணீர் ஓடும்போது கடக்க வேண்டாம். பள்ளியிலேயே காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

நான்கு, வீட்டில் ஒரு பை. டார்ச், பவர் பேங்க், மாத்திரை, குடிநீர், பிஸ்கட், பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் அட்டை, மருத்துவச் சீட்டு.

போனில் இவை இருக்கட்டும்

எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. குழந்தைகள் உதவி 1098. மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டத்துக்கு 1077. தண்ணீர் தேக்கம், விழுந்த மரம் பற்றிச் சொல்ல சென்னை மாநகராட்சி 1913. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. மழை எச்சரிக்கைக்கு 'டிஎன் அலர்ட்' செயலி இருக்கிறது. அதில் மஞ்சள் வந்தால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு வந்தால் தயாராகுங்கள், சிவப்பு வந்தால் உடனே செயல்படுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் "நாளைக்கு லீவாம்" செய்தியை நம்ப வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது, "மழை வந்து பள்ளி சீக்கிரம் விட்டா நீ என்ன பண்ணுவே?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அப்போதே பேசி முடிவெடுங்கள். நாளைக் காலை பள்ளி வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே வண்டியை நிறுத்துங்கள். அடுத்த முறை ஆம்புலன்ஸ் வருவது நம்ம வீட்டுக்காகவும் இருக்கலாம்.