ஆடும் இடமும் ஆணையிடும் இடமும்



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க அறிஞர் பலர் வந்துள்ளனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் விளையாட்டு. படிக்கிற பிள்ளைகளிடம் பந்தைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியவர் சிலர் முணுமுணுப்பது நம் செவியிலும் விழுந்தது. அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்டால், நாம் பேசுவது பந்தைப் பற்றியன்று, பதவியைப் பற்றியே என்பது விளங்கும்.

கிள்ளை வட்டாரத்தில் பந்தயம் என்றால் நம் தெருப் பிள்ளைகளைத் தேடி ஆள் வருவதுண்டு. ஓடவும் குதிக்கவும் நாம் வேண்டும். ஆனால் எவரைக் களத்தில் இறக்குவது, எவரை உட்கார வைப்பது என்று முடிவு செய்பவர் யார்? கோப்பையை வாங்க மேடை ஏறுபவர் யார்? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த அமெரிக்காவில் ஏர்ல் லாயிட் என்னும் கறுப்பினப் பெருமகனின் வாழ்வு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நடந்தது.

அவர் ஆடியது கூடைப்பந்து. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தின் கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், பழக்கூடைகளை மேல்மாடத்தில் மாட்டி ஜேம்ஸ் நெய்ஸ்மித் தொடங்கிய ஆட்டம் அது. அப்பள்ளியில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர்.

லாயிட் 1928இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில் பிறந்தார். அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. பின்னர் அவர் சேர்ந்த மேற்கு வர்ஜீனியக் கல்லூரியும் கறுப்பினத்தவருக்கென அமைந்ததே. 1947-48ஆம் ஆண்டில் அக்கல்லூரி அணி 30 ஆட்டங்கள் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. ஆயினும் தொழில்முறைக் கூடைப்பந்தின் பெருஞ்சங்கமாகிய என்.பி.ஏ.வில் அதுவரை ஒரு கறுப்பரும் இல்லை.

1950இல் அக்கதவு சிறிதே திறந்தது. சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், லாயிட் ஆகிய மூவரும் அவ்வாண்டே உள்ளே வந்தனர். வாஷிங்டன் அணிக்காக லாயிட் ராச்செஸ்டர் நகரில் களமிறங்கிய நாள் 1950 அக்டோபர் 31. கூப்பர் மறுநாள் ஆடினார். ஒரு நாள் முந்தியதால் முதல்வர் என்னும் பெயர் லாயிடுக்கு வாய்த்தது. முதல் ஆட்டத்தில் அவர் எடுத்தவை 6 புள்ளிகளே.

ஏழு ஆட்டங்கள் முடிவதற்குள் இராணுவ அழைப்பு வந்தது. அவர் சேவையில் இருக்கையிலேயே வாஷிங்டன் அணி கலைந்தது. திரும்பி வந்தவரைச் சிரக்யூஸ் அணி ஏற்றுக்கொண்டது. எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பதும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பறிப்பதுமே அங்கு அவர் வேலை. கைதட்டல் பெரும்பாலும் மற்றவர்க்கே போகும். 1955இல் அவ்வணி வாகை சூடியது. அவரும் ஜிம் டக்கர் என்பவருமே என்.பி.ஏ. வாகை அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

இளைஞர்களே, இதை மட்டும் உற்றுக் கேளுங்கள். ஃபோர்ட் வேய்ன் நகரத்து விடுதி ஒன்றில் அவருக்குப் படுக்க அறை கொடுத்தனர்; உணவுக் கூடத்தில் உட்கார்ந்து உண்ண இடம் தர மறுத்தனர். அப்போது வாஷிங்டன் அணியின் பயிற்சியாளராயிருந்த போன்ஸ் மெக்கின்னி என்னும் வெள்ளையர் அவர் அறைக்கே சென்று உடனிருந்து உண்டார். தேநீர்க் கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான வாழ்வு உண்டு. 1876இல் பிறந்த பல்வங்கர் பாலு, புனே நகர ஐரோப்பியர் கிரிக்கெட் மைதானத்தில் தரை செப்பனிடும் கூலியாளாக இருந்தவர். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். இந்துக்கள் அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் வந்தது ஆட்டக்காரர் கூடத்துக்கு வெளியே, மண் குவளையில்! 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பின்னும் அணித்தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த இடத்தில் அமர முடிந்தது. திறமையை எடுத்துக்கொள்ள அஞ்சாத சமூகம், அத்திறமையாளரின் கட்டளைக்குப் பணிய அஞ்சுகிறது.

லாயிட் 1960இல் ஆட்டத்தை நிறுத்தினார். டெட்ராய்ட் அணிக்காகப் புதிய ஆட்டக்காரரைத் தேடும் பணியை மேற்கொண்டார். பிறர் எட்டிப் பாராத சிறு கறுப்பினக் கல்லூரிகளை அவர் அறிவார். வில்லிஸ் ரீட், ஏர்ல் மன்ரோ ஆகியோரின் திறத்தை முன்கூட்டியே கண்டவர்களுள் அவர் ஒருவர். அவர்கள் டெட்ராய்ட்டுக்கு வாய்க்கவில்லை. 1973இல் நியூயார்க் அணி வாகை சூடியபோது இருவரும் அதில் ஆடினர். கண்டவர் சொல்லுக்கு எடை இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

1968இல் துணைப் பயிற்சியாளர். 1971இல் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு முன் அச்சங்கத்தில் அவ்விடத்தை எட்டிய கறுப்பினத்தவரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பில் ரஸ்ஸல் 1966இல் பாஸ்டன் அணியில் முதல் தடம் பதித்திருந்தார்.

பதவியில் லாயிட் வென்றாரா என்றால், இல்லை. அவ்வாண்டு அவர் பொறுப்பில் அணி 20 ஆட்டங்களில் வென்று 50இல் தோற்றது. அடுத்த ஆண்டு ஏழே ஆட்டங்களில் அவரை விலக்கினர். இதை மறைத்துப் பேசுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் தோற்ற பயிற்சியாளர் வேறோர் அணியில் மீண்டும் அமர்வது விளையாட்டுலகில் வழக்கமான செய்தி. லாயிடுக்கோ அச்சங்கத்தில் மறுமுறை தலைமை வாய்ப்பு வரவே இல்லை.

போகுமுன் அவர் செய்த ஒரு காரியம் நிலைத்தது. ரே ஸ்காட் என்னும் கறுப்பின இளைஞரைத் தமக்குத் துணையாக அமர்த்தியிருந்தார். லாயிட் விலக்கப்பட்டதும் அந்நாற்காலி ஸ்காட்டுக்கு வந்தது. அடுத்த முழுப் பருவத்தில் அவ்வணி 52 ஆட்டங்களில் வென்றது. 1974இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது ஸ்காட்டுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. லாயிடின் பெயர் 2003இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் ஏறியது. 2015இல் அவர் மறைந்தார்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடற்கல்வித் துறையும் அங்கே உண்டு. நம் பிள்ளைகள் அங்குப் பந்தயம் ஆடிவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடாமல், பயிற்சியாளராகவும் நடுவராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும் பட்டம் பெற்றுவர வேண்டும். விழாச் செலவு போக மீதியாகும் தொகையில் ஒரு பங்கை ஓர் இளைஞனுக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் இப்படிப்புக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பார் இருப்பின், இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இவ்வேண்டுகோளை முன்வைக்க நம் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.