நாற்காலியைக் கேட்காதே, மசோதாவைக் கேள்!
(டிசம்பர் 23 விவசாயிகள் தினக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

  



ஜூலை 5 நம்முடைய தியாகிகள் நாள். துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டியவர்களை அன்று நினைக்கிறோம். இன்று டிசம்பர் 23. வடநாட்டு விவசாயி ஒருத்தர் பிறந்த நாள். இதைத்தான் நாடு முழுக்க விவசாயிகள் தினம்னு கொண்டாடுகிறார்கள். அவர் பெயர் சவுத்ரி சரண்சிங். "அவரு டில்லிக்காரரு, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கு. ஒரு எம்.எல்.ஏ. விவசாயிக்கு என்னவெல்லாம் செய்ய முடியும், எங்கே தவறிப்போக முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே கணக்குப் புத்தகம். அதைத்தான் இன்று புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

குடிசையிலிருந்து சட்டசபைக்கு

1902-இல் ஐக்கிய மாகாணத்தில், இன்றைய உத்தரப்பிரதேசத்தில், நூர்ப்பூர் என்ற கிராமத்தில் கூரை வீட்டில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயி. மகன் படித்து வக்கீல் ஆனார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனார். 1937 தேர்தலில் மீரட் மாவட்டத்திலிருந்து சட்டசபைக்குள் நுழைந்தார். அப்போது வயது 34.

உள்ளே போனவர் முதலில் என்ன செய்தார்? மாலை வாங்கினாரா? இல்லை. அடுத்த வருஷமே, 1938-இல், தனிநபர் மசோதா ஒன்று எழுதினார். விளைபொருள் சந்தை மசோதா. மண்டியில் எடைக்கல்லில் ஏமாற்று, தரகு என்று ஒரு பிடி, தர்மம் என்று ஒரு பிடி, சாம்பிள் என்று இரண்டு பிடி. விவசாயி வண்டி கட்டிக்கொண்டு போவான், வெறுங்கையோடு திரும்புவான். இதை நிறுத்தத்தான் அந்த மசோதா.

நமக்கு இது புதுசு இல்லை. சென்னை மாகாணத்தில் 1933-லேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. நாம் போகிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அதுதான் வேர். ஆனால் சரண்சிங் கொண்டுவந்த மசோதாவுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1939-இல் பஞ்சாபில் சந்தைச் சட்டம் வந்துவிட்டது. அவருடைய சொந்த மாகாணத்தில் சந்தைச் சட்டம் நிறைவேறியது 1964-இல். கணக்குப் போடுங்க. 26 வருஷம்! வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, கோட்டையில் ஆள் மாறியது. மண்டிக்காரன் கை மட்டும் 26 வருஷம் ஓங்கியே இருந்தது. நல்ல மசோதா எழுதினால் மட்டும் போதாது. பின்னால் தள்ளுகிற கூட்டம் வேணும். நாம் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

நிலம் உழுகிறவனுக்கு

அவருடைய பெரிய வேலை ஜமீன் ஒழிப்பு. உ.பி.யின் ஜமீன்தாரி ஒழிப்பு மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியமானவர் அவர். ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், இழுத்தடித்தார்கள். கடைசியில் 1952 ஜூலை 1-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. குத்தகைக்காரனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றவன் எழுந்து போக வேண்டி வந்தது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. சட்டம் கோட்டையில் இருக்கிறது, ஆனால் அடங்கல் யார் கையில் இருக்கிறது? அங்கே பட்வாரி என்றால் நம் ஊர் பழைய கர்ணம் மாதிரி. யார் பெயரை எழுதினால் அவன்தான் உழுதவன். அந்தப் பட்வாரிகள் சம்பளம் உயர்த்து, அதிகாரம் கொடு என்று கூண்டோடு ராஜினாமாக் கடிதம் நீட்டினார்கள். 25,000-க்கும் மேற்பட்டவர்கள். மிரட்டினால் அரசு பணியும் என்று நினைத்தார்கள். வருவாய்த் துறையை வைத்திருந்த சரண்சிங், "சரி, ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு, லேக்பால் என்ற புதுப் பதவிக்கு ஆள் எடுத்தார். நம் மாநிலத்தில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தது 1980-இல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1953-இல் நிலத் தொகுப்புச் சட்டம் வந்தது. நாலு இடத்தில் துண்டு துண்டாகக் கிடந்த நிலத்தை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு. கிணறு வெட்டினாலும், மோட்டார் வைத்தாலும் ஒரே இடத்தில் பாயுமே! அந்தப் பக்கத்து விவசாயி பின்னாளில் கரும்பும் கோதுமையும் எடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

நேருவையே எதிர்த்து

1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் மாநாடு. கூட்டுப் பண்ணை வேண்டும் என்று தீர்மானம் வந்தது. பிரதமர் நேருவே விரும்பிய தீர்மானம். சரண்சிங் எழுந்து எதிர்த்துப் பேசினார். தன் நிலம், தன் உழைப்பு என்றால்தான் சின்ன விவசாயி இரண்டு மடங்கு பாடுபடுவான், அதைப் பிடுங்கினால் விளைச்சலும் போகும், சுதந்திரமும் போகும் என்பது அவர் வாதம். தீர்மானம் நிறைவேறியது. சில மாதத்தில் அவர் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். ஆனால் கூட்டுப் பண்ணை வயலுக்கு வரவே இல்லை. தலைவர் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் எதிர்த்துப் பேசுகிற எம்.எல்.ஏ. இன்று நமக்கு எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்க. எண்ண ஆரம்பிச்ச விரல் அப்படியே நிற்கும்.

நாற்காலி வந்தது, போனது

1967 ஏப்ரலில் காங்கிரஸை விட்டு வெளியேறி, எதிர்க்கட்சிகளின் துணையோடு முதலமைச்சர் ஆனார். உ.பி.யில் காங்கிரஸ் அல்லாத முதல் முதல்வர். ஒரு வருஷம் முடிவதற்குள் கூட்டணிச் சண்டையில் பதவி போச்சு. 1970-இல் மறுபடி வந்தார், சில மாதத்தில் மறுபடி போனது. அவசரநிலையில் சிறை. 1977-இல் மத்திய உள்துறை மந்திரி. 1978-இல் அதுவும் பறிபோனது. அந்த ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, தன் பிறந்த நாளன்று, லட்சக்கணக்கான விவசாயிகளை டில்லியில் திரட்டிக் காட்டினார். ஒரே மாதத்தில் துணைப் பிரதமராகவும் நிதி மந்திரியாகவும் திரும்ப அழைத்தார்கள்! டிராக்டர் சத்தம் கேட்டால்தான் டில்லிக்குக் காது திறக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துபோச்சு.

1979 ஜூலை 28-இல் பிரதமர் ஆனார். ஆதரவு தந்த இந்திரா காந்தி அதை வாபஸ் வாங்கினார். 23-ஆம் நாள் ராஜினாமா. 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமர். நாடாளுமன்றத்தைப் பிரதமராகச் சந்திக்காமலே போன ஒரே பிரதமர் அவர்தான்.

தோழர்களே, இதை மறைத்துப் பேச நாம் கட்சிக்காரர்கள் இல்லை. கட்சி உடைத்து, கூட்டணி மாற்றி, அவர் இழந்ததும் அதிகம். நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு அவர் போதுமானதைச் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. நாற்று நடுகிற பெண்ணும் அறுப்பு அறுக்கிற ஆளும் இல்லாமல் விவசாயி கிடையாது. நம் சங்கம் இதை மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். முதல்வர் நாற்காலி இரண்டு தடவை போச்சு, பிரதமர் நாற்காலி 23 நாளில் போச்சு. 1952-இல் கொடுத்த நிலம் போகலை. சேர்த்துக் கொடுத்த காணி போகலை. நாற்காலி ஆடும், சட்டம் நிற்கும்.

அந்தச் சட்டமும் தானாக நிற்காது. 2020-இல் மண்டிக்கு வெளியே யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் வாங்கலாம் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தபோது, பஞ்சாப், அரியானா, மேற்கு உ.பி. விவசாயிகள் ஒரு வருஷத்துக்கும் மேல் டில்லி எல்லையில் பனியிலும் மழையிலும் கிடந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று சட்டமும் வாபஸ் ஆச்சு.

2024 பிப்ரவரி 9-இல் சரண்சிங்குக்கும் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனுக்கும் பாரத ரத்னா அறிவித்தார்கள். சந்தோஷம். நாலு நாள் கழித்து, பிப்ரவரி 13-இல், சுவாமிநாதன் கமிஷன் சொன்ன விலையைச் சட்டமாக்கு என்று கேட்டு வந்த விவசாயி மீது கண்ணீர்ப் புகை! செத்தவருக்கு ரத்னா, இருக்கிறவனுக்குப் புகை. இது என்ன நியாயம்?

நம் எம்.எல்.ஏ.விடம் கேட்போம்

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இனிமேல் "மந்திரி ஆவீங்களா?" என்று கேட்காதீர்கள். இதைக் கேளுங்கள்:

1. விவசாயிக்காக நீங்கள் கொண்டுவந்த தனிநபர் மசோதா எது? இல்லை என்றால் எப்போது?

2. நெல்லில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் வருஷா வருஷம் டில்லிக்குக் கடிதம் எழுதித் தளர்வு கேட்கிறோமே, மழைக் காலத்துக்கு நிரந்தர விதி கேட்டுச் சட்டமன்றத்தில் பேசினீர்களா?

3. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவதை நேரில் வந்து பார்த்தீர்களா?

4. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரச் சம்மதமா? எழுத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?

அடுத்த சட்டமன்றக் கூட்டத் தொடருக்கு முன்னால், ஒவ்வொரு கிளையும் கட்சி பார்க்காமல் தன் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போய் இந்த நாலு கேள்வியையும் மனுவாகக் கொடுக்க வேண்டும். பதிலை ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும். பதில் வரவில்லை என்றால் அதையும் ஒட்ட வேண்டும்.

நாம் தள்ளவில்லை என்றால் நல்ல மசோதாவுக்கும் 26 வருஷம் ஆகும். நாம் தள்ளினால் போட்ட சட்டமே ஒரு வருஷத்தில் திரும்பும். இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டோம். எது வேண்டும் என்று நாமே முடிவு செய்வோம்.

உழவர் ஒற்றுமை ஓங்குக!
உழுகிறவன் கேட்கிற விலை சட்டமாகுக!
போராடுவோம்! வெற்றி பெறுவோம்!