பைக்குள் வளரும் நாட்டு மரக்கன்று

நாற்றங்காலில் வளரும் மரக்கன்றின் தரத்தை அதன் உயரம் சொல்லாது, வேர்தான் சொல்லும். வேம்பு, இலுப்பை, நாவல், புங்கம், மருது, வேங்கை போன்ற தமிழகத்து மரங்களின் கன்றுகள் இன்று பெரும்பாலும் கறுப்புப் பாலித்தீன் பைகளிலேயே வளர்கின்றன. நடப்போகும் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டிய வேர், அதுவரை இரண்டு கைப்பிடி மண்ணுக்குள் கெடாமல் இருக்க வேண்டும். விதை சேகரிப்பு முதல் நடவு வரை எல்லா வேலைகளும் இதற்காகத்தான்.

விதையை ஒரே மரத்தடியில் கூட்டி அள்ளுவது சுலபம். ஆனால் அப்படி வளரும் கன்றுகள் எல்லாம் ஒரு தாய் மக்களாகிவிடும். அந்தத் தாய்மரத்தின் குறைகளும் கூடவே வரும். தள்ளித்தள்ளி நிற்கும் பத்து இருபது மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பதே நல்லது. கடலோர உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களான வீரை, பாலை, காசா ஆகியவற்றுக்கு இன்று எஞ்சியுள்ள விதைக் களஞ்சியங்களில் முக்கியமானவை கோயில்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அவற்றுள் ஒன்று.

விதைகளில் இரு வகை உண்டு. வாகை, உசில், கொன்றை போன்றவற்றின் விதை கடினத் தோல் உடையது. உலர்த்தி வைத்தால் பல மாதம் கெடாது. வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் அப்படியல்ல. ஆனி, ஆடியில் பழுத்து விழும் வேப்பம்பழத்தின் சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் போனால் முளைப்பது மளமளவெனக் குறையும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து எல்லாமே வீணாகும். நாவல் கொட்டையைக் காயவிட்டாலே அது செத்துவிடும்.

கடினத்தோல் விதைக்கு வெந்நீர் வைத்தியம் பழைய முறை. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுவார்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் பருத்திருக்கும், சில முன்போலவே சிறுத்துக் கிடக்கும். பருத்தவை விதைப்புக்குப் போகும். மற்றவற்றுக்கு மறுபடியும் வெந்நீர். கொன்றை இதற்கும் மசியாது. அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளிருக்கும் பருப்பில் படாமல் தோலை மட்டும் மெலிதாக்கி ஊறவைத்தால் முளைக்கும்.

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம் என்பது பல நர்சரிகளில் வழங்கும் கலவை. மட்காத சாணம் சேர்த்தால் சூடேறி இளவேர் கருகும், கறையானும் வரும். தென்னைநார்க் கழிவு எடை குறைவு, ஈரத்தையும் தாங்கும். ஆனால் அதில் உப்பு இருப்பதால் பலமுறை அலசியும் மட்கவைத்தும்தான் பயன்படுத்த வேண்டும். பையின் மேற்புறம் ஒரு விரல் அளவு இடம் விட்டு நிரப்பினால்தான் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.

பெரிய விதைகளை நேரே பையிலேயே ஊன்றலாம். பொடி விதைகளைத் தாய்ப்பாத்தியில் தூவி, இரண்டு இலை விட்டதும் பைக்கு மாற்றுவது வழக்கம். இந்த இடத்தில்தான் அவசரம் கெடுக்கிறது. குச்சியால் போட்ட குழி ஆழம் குறைவாக இருந்தால் ஆணிவேர் தூண்டில்முள் போல மேல்நோக்கி மடங்கிவிடும். மேலே இலை செழிப்பாகத் துளிர்க்கும். கீழே வேர் வாழ்நாள் முழுவதும் அந்த வளைவோடுதான் இருக்கும். வேர் நீளமாக இருந்தால் நுனியைக் கத்தரித்துவிட்டு நேராக இறக்குவது எவ்வளவோ மேல்.

பையிலும் ஓர் ஆபத்து உண்டு. 5 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் கொண்ட பையில் ஆணிவேர் சில மாதங்களில் அடியைத் தொடும். அங்கே வழியில்லாமல் சுவரோடு சுற்றத் தொடங்கும். அப்படிச் சுருண்ட வேருடன் நட்ட மரம் சில ஆண்டுகள் நன்றாகவே நிற்கும். வேர்கள் தடித்து ஒன்றையொன்று நெரிக்கும்போதுதான் வளர்ச்சி நிற்கும், புயல்காற்றில் மரம் சாயும். குற்றம் நர்சரியில் நடந்தது என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு மாற்றாக வந்தவை வேர்க்குப்பிகள். கூம்பு வடிவக் குப்பியின் உட்சுவரில் நெடுக்காக வரம்புகள் இருக்கும்; அவை வேரைச் சுற்றவிடாமல் கீழே திருப்பும். அடியிலுள்ள திறப்பை எட்டும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும். மேலே பக்கவேர்கள் கிளைக்கும். குப்பிகளைத் தாங்கியில், தரைக்கு மேலே வைத்தால்தான் இது நடக்கும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும்; செலவழித்த பணம் வீண். குப்பியில் மண் குறைவு என்பதால் கோடையில் ஒருநாள் நீர் தவறினாலும் கன்று வாடும். பையிலேயே வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி, ஓட்டை வழியே வெளியேறிய வேரை அறுத்துவிட வேண்டும்.

சந்தனக்கன்று தனி ரகம். அது மற்றச் செடிகளின் வேரைப் பற்றி உணவு உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. அதனால் பையிலேயே பொன்னாங்கண்ணியையோ துவரையையோ துணைக்கு வைத்து, அது சந்தனத்தை மூடிவிடாமல் அவ்வப்போது கிள்ளிவிடுவார்கள். பனைக்கோ பையே ஆகாது. முளைத்ததும் கருவைத் தாங்கிய தண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் என்பதால், பனங்கொட்டையை வளரவேண்டிய இடத்திலேயே புதைப்பதுதான் முறை.

முளைப்பருவத்தில் நிழல்வலை தேவை. பூவாளியால் காலையில் நீர் தெளிப்பது நல்லது. மாலையில் தேங்கும் ஈரம் நாற்றழுகலுக்கு இடம் கொடுக்கும். நடவுக்கு ஒரு மாதம் முன்பு நிழலை விலக்கி, தண்ணீரையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலிலேயே வைத்து, உரம் கொடுத்து, மளமளவென ஏற்றிய கன்று விற்பனைக்கு அழகாக இருக்கும். பொட்டலில் ஒரு வாரம் தாங்காது.

தமிழகத்தின் பெரும்பகுதிக்கு நடவுக்காலம் வடகிழக்குப் பருவமழைதான். சேமித்த விதைகளைத் தை, மாசியில் போட்டால் ஐப்பசிக்குள் கன்று தயாராகும். ஆடியில் விதைத்த வேம்பும் நாவலும் அந்த ஐப்பசிக்குச் சின்னஞ்சிறிதாகவே இருக்கும். பெரிய பைக்கு மாற்றி அடுத்த மழைவரை காக்க வேண்டும். வீரை, பாலை போன்றவை இன்னும் மெதுவாகவே வளரும். பல நர்சரிகளில் அவை கிடைக்காததற்கு இந்த மெத்தனமே முக்கியக் காரணம்.

கன்று வாங்குவோர் நெடுநெடுவென உயர்ந்ததைத் தேடாமல், தண்டு தடித்த கன்றைக் கேட்டு வாங்க வேண்டும். நடும்போது பையை முழுவதும் கிழித்தெடுத்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் கத்தியால் அறுத்துவிட்டுக் குழியில் இறக்க வேண்டும். முதல் மழையில் மண் நனைந்ததுமே நடவை முடித்துவிட்டால், கோடைக்குள் வேர் ஆழம் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.