ஊரிலேயே தொழில் தொடங்குவோம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் கடந்து வந்த பாதையை எண்ணி நன்றி கூறுகிறோம். இனி வரும் நாளையும் எண்ணிப் பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பாடுபட்டு நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். படித்தவர்களோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கும் சென்னைக்கும் புறப்படுகிறார்கள். திருவிழாவுக்கு மட்டுமே ஊர் நிரம்புகிறது. “இங்கே என்ன இருக்கிறது?” என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

இக்கேள்வி ஆப்பிரிக்காவிலும் எழுந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு சிறிய நாடு. படித்தவர்க்கு அரசு வேலை என்பது அங்கே வழக்கம். 1980-களில் அரசின் கருவூலம் வறண்டது, அவ்வழக்கமும் நின்றது. அவ்வேளையில் அங்கு வந்தார் நைஜீரியரான தொமினிக் சபைக் குரு, அருட்தந்தை காட்ஃப்ரி நிசாமுஜோ. கலிபோர்னியாவில் கற்பித்துக்கொண்டிருந்த அவர், ஆப்பிரிக்கப் பஞ்சத்தைத் தொலைக்காட்சியில் கண்டு மனம் பொறாமல் திரும்பியவர். 1985-இல் போர்ட்டோ நோவோ நகரில் அரசு அளித்த 1 ஹெக்டேர் நிலத்தில், அதாவது இரண்டரை ஏக்கரில், சோங்காய் மையத்தைத் தொடங்கினார். முற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் செழித்திருந்த ஒரு பேரரசின் பெயர் அது. படிப்பை இடையில் விட்ட சில இளைஞர்களே அவருக்கு முதல் துணை.

அங்கே வீண் என்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. சாணத்திலிருந்து எரிவாயு எடுத்தார்கள். கழிவில் புழு வளர்த்து மீனுக்கும் கோழிக்கும் தீவனமாக்கினார்கள். மீன்குளத்து நீரைக் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சினார்கள். குளங்களை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையையும் எருவாக்கினார்கள். விளைந்ததை அப்படியே விற்றுவிடாமல் பழச்சாறாகவும் எண்ணெயாகவும் மாற்றி விற்றார்கள். வேண்டிய கருவிகளையும் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள். 1993-இல் அருட்தந்தைக்கு ஆப்பிரிக்கப் பரிசு என்னும் தலைமைத்துவ விருது கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கையில் உள்ளதைக் காணும் கண். நம் ஊர்ச் சாணமும் தென்னை மட்டையும், சந்தையில் விலைபோகாமல் கொட்டப்படும் தக்காளியும் முதல்தான்.

இரண்டாவது, கணக்கு. உழைப்பு நம்மிடம் உண்டு. வரவு செலவு எழுதும் பழக்கம் குறைவு. அடக்க விலை தெரியாமல் விற்பவன் எவ்வளவு உழைத்தாலும் கடனாளியாவான்.

மூன்றாவது, பயிற்சிக்குப் பின் துணை. இது மிக முக்கியம். நம் நாட்டில் 1979-இல் கிராம இளைஞர்க்கென டிரைசெம் என்னும் திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற பலர் தொழில் தொடங்கவில்லை. சான்றிதழ் பெட்டியில் உறங்கியது. பயிற்சி முடிந்ததும் வங்கிக் கடனுக்கும் சந்தைக்கும் வழிகாட்ட ஆள் வேண்டும்; முதல் நட்டத்தில் தோள் கொடுக்கவும் ஆள் வேண்டும். 1982-இல் கர்நாடகத்து உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரு வங்கிகளும் கூடித் தொடங்கிய பயிற்சி நிலையம் இதை உணர்ந்து நடந்தது. அதன் வழியில்தான் இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. உணவும் உறைவிடமும் பயிற்சியும் இலவசம். பின்னர் இரண்டாண்டு வரை தொடர்ந்து வழிகாட்டவும் செய்கிறார்கள்.

பெற்றோர்களே, ஒரு விண்ணப்பம். மகன் கோழிப்பண்ணை வைக்கிறேன் என்றால், “படித்ததெல்லாம் இதற்குத்தானா?” என்று கேளாதீர்கள். மகள் தையற்கூடம் வைக்கிறேன் என்றால், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். வரதட்சணைக்கும் விசாவுக்கும் நிலத்தை அடகு வைக்கத் துணிகிற நாம், பிள்ளையின் தொழிலுக்கு ஓர் ஆட்டை விற்கத் தயங்கலாமா?

இந்த யூபிலியின் நினைவாக ஒரு தீர்மானம் செய்வோம். ஆண்டுக்கு ஐந்து இளைஞரை, ஆணும் பெண்ணுமாக, பயிற்சிக்கு அனுப்புவோம். அவர்கள் செய்யும் பொருளை முதலில் நாமே வாங்குவோம். அடுத்த யூபிலியின்போது, திருவிழா முடிந்த மறுநாளும் இந்த ஊர் நிரம்பியிருக்கட்டும்.