மனித இயல்பு என்னும் சாக்கு



உலகில் எங்கே கூட்டக்கொலை நடந்தாலும் ஒரு பேச்சு எழுகிறது: "மனிதனுக்குள் மிருகம் இருக்கிறது, என்ன செய்ய?" நம் குடியிருப்புகள் எரிக்கப்படும்போதும் "கும்பல் ஆத்திரப்பட்டுவிட்டது" என்கிறார்கள். பழியை இயல்பின் தலையில் போட்டுவிட்டால் குற்றவாளி தப்பிவிடுகிறான். ஆகவே இந்த நினைவு நாளில், ஒரு நாட்டின் 100 நாட்களை வைத்து அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்ப்போம்.

ருவாண்டா, 1994. ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. பெரும்பாலோர் டுட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹுட்டுகளும் மாண்டார்கள். கொன்றவர்களில் பலர் அக்கம்பக்கத்தார். ஒரே மொழி பேசியவர்கள், ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டவர்கள்.

இரு பிரிவுகளும் முன்பே இருந்தன, ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஆனால் மாடு கன்று பெருகினால் ஹுட்டு ஒருவர் டுட்சியாக வழி இருந்தது. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் பிரிவை எழுதி அந்த வழியை அடைத்தது. மூக்கையும் உயரத்தையும் அளந்து, டுட்சிகள் வெளியிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்றது. மூக்களவு நமக்குப் புதிதல்ல. ரிஸ்லி இங்கே அதை வைத்துத்தான் சாதியை இனமாகக் காட்ட முயன்றார். தீண்டப்படாதோர் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில் அண்ணல் அம்பேத்கர் அதே மூக்களவைக் கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனமே என்று வாதிட்டார். ருவாண்டாவிலோ சாலைத் தடுப்புகளில் அந்த அட்டைதான் யார் சாக வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது.

அட்டை மட்டும் கொன்றுவிடாது. 1990இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின் அச்சத்தைத் தீவிரவாதிகள் அறுவடை செய்தார்கள். 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. கொலைக்கு 'வேலை' என்று பெயர் வைத்தார்கள். உலகமும் கைவிட்டது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்னால் கடமை வந்துவிடும் என்று வாஷிங்டன் அதைத் தவிர்த்தது.

இனி ஒரு மனிதரைப் பார்ப்போம். டாபா என்னும் ஊர்ப் பகுதியின் மேயர் ழான்-பால் அகயேசு, முன்னாள் ஆசிரியர். முதல் சில நாட்கள் அவர் தன் பகுதியில் கொலைகளைத் தடுக்க முயன்றார். ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் கூட்டிய கூட்டத்துக்குப் போய்வந்தார். அதன்பின் கொலைக்குத் துணைநின்றார். அவருடைய இயல்பு இரண்டு வாரத்தில் மாறிவிட்டதா? மாறியது மேலிடத்து உத்தரவு. கொலைக்குத் தண்டனை இல்லை, பதவி உண்டு என்ற கணக்கு. 1998இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று அந்தத் தீர்ப்புதான் முதலில் சொன்னது.

அதே நாட்டில் சூரா கருஹிம்பி என்ற மூதாட்டி இருந்தார். நாட்டு வைத்தியம் பார்த்தவர். ஊர் அவரை மந்திரக்காரி என்று அஞ்சியது. அந்த அச்சத்தையே கேடயமாக்கி, உள்ளே நுழைந்தால் பேய்கள் பிடிக்கும் என்று கொலையாளிகளை மிரட்டி, தன் சின்ன வீட்டில் நூறு பேருக்கு மேல் காத்தார். அவரும் மனித இயல்பு கொண்டவர்தானே?

ஒடுக்கப்பட்டவர் என்பதால் நல்லியல்பு வாய்த்துவிடுவதும் இல்லை. கொலைகளை முடிவுக்குக் கொண்டுவந்த ருவாண்டா படை, பின்னர் காங்கோவில் ஹுட்டு அகதிகளைக் கொன்றதை ஐ.நா.வின் 2010 அறிக்கை பதிவு செய்துள்ளது. நீதி கேட்கும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே நம் வேலை இயல்பை நொந்துகொள்வதல்ல. ஒரு மக்களைப் பூச்சி என்றும் அழுக்கு என்றும் அழைக்கும் முதல் சொல்லிலேயே எதிர்ப்போம். வன்கொடுமை வழக்கு ஒவ்வொன்றையும் தீர்ப்புவரை விடாமல் நடத்துவோம். தண்டனை இல்லை என்ற தைரியத்தை உடைத்தால், மிருகம் என்று சொல்லப்பட்டது மனிதனாகவே நின்று பதில் சொல்லியாக வேண்டும்.